அந்தப் பழைய சோபா மட்டும் போதாது

பழைய சிட்காம்களை (சூழ்நிலை நகைச்சுவைத் தொடர்களை) தூசி தட்டி மறுபடி ஓடவிடும் சேனல்கள், ஓடிடி நிறுவனங்களின் நிகழ்ச்சிப் பிரிவுத் தலைவர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் அறிவிப்புகள் வரும் விதம் எங்களுக்கு இப்போது மனப்பாடம். முதலில் பழைய நடிகர்கள் தோளில் கைபோட்டு நிற்கும் ஒரு படம். அடுத்து டைட்டில் இசையின் முதல் சில நொடிகள். அப்புறம் அந்த சோபா, அச்சு அசலாக, அதே இடத்தில். நாங்களும் சளைத்தவர்கள் இல்லை. படத்தை ஊரெல்லாம் பகிர்கிறோம், முதல் எபிசோடை வந்த அன்றே பார்க்கிறோம். மூன்றாவது எபிசோடுக்குள் எங்களில் பலர் சத்தமில்லாமல் கழன்றுகொள்கிறோம். அதற்கு உங்களிடம் தயாராக ஒரு சமாதானம் இருக்கிறது: ரசிகர்களின் எதிர்பார்ப்பு அதிகம், பழையதை யாராலும் மிஞ்ச முடியாது, ஞாபகத்தோடு போட்டி போட முடியுமா?

இந்தச் சமாதானத்தை நான் ஏற்கவில்லை. சில மறுவருகைகள் நன்றாகவே வந்திருக்கின்றன. சொதப்பியவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் சொதப்பியிருக்கின்றன. அந்த இடத்தை நீங்கள் பார்க்கத் தவறுகிறீர்கள் என்பதுதான் என் புகார்.

'ஃப்ரேசியர்' 1993-இல் தொடங்கிய எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். சியாட்டிலில் உயரமான கட்டடத்தில் ஒரு வீடு. அதன் சொந்தக்காரரான மனநல மருத்துவர் ஃப்ரேசியர், தன் சோபா பாரிஸில் கோகோ ஷனெல் வைத்திருந்ததன் அச்சு அசல் நகல் என்று பெருமையாகச் சொல்பவர். அந்த அறைக்குள் கிழிசலுக்கு டேப் ஒட்டிய ஒரு சாய்வு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அது அப்பாவின் நாற்காலி. அப்பா மார்ட்டின், இடுப்பில் குண்டடி பட்டு ஓய்வுபெற்ற போலீஸ்காரர், இனித் தனியாக இருக்க முடியாது. மகனுக்கு அவரைக் கூட்டிவரப் பிடிக்கவில்லை, அப்பாவுக்கு வரவும் பிடிக்கவில்லை. ஆனாலும் வேறு வழியில்லை. அடுத்த 11 சீசன், 264 எபிசோட், 37 எம்மி விருதுகள் எல்லாம் அந்த நாற்காலியின் மேல்தான் உட்கார்ந்திருந்தன.

நல்ல சிட்காம் எதை எடுத்தாலும் அடியில் இப்படி ஒரு கட்டாயம் இருக்கும். ஒருவரையொருவர் விட்டுப் போக முடியாதவர்கள் ஒரே அறையில் மாட்டிக்கொண்டிருப்பார்கள். காரணம் பணமாக இருக்கலாம், வேலையாக இருக்கலாம், ரத்த உறவாக இருக்கலாம். கதவைத் திறந்துகொண்டு போய்விட முடியாது என்பதால்தான் அவர்கள் பேசிப் பேசிச் சமாளிக்கிறார்கள், அந்தச் சமாளிப்பைப் பார்த்துத்தான் நாங்கள் சிரிக்கிறோம். தொடர் முடியும்போது வழக்கமாக அந்தக் கட்டாயமும் முடிகிறது: கல்யாணம் ஆகிறது, வேலை மாறுகிறது, வேறு ஊருக்குப் போகிறார்கள். பத்துப் பதினைந்து வருடம் கழித்து அதே ஆட்களை நீங்கள் திரும்பக் கூட்டிவரும்போது அவர்களைப் பூட்டி வைத்திருந்த கதவு திறந்தே கிடக்கிறது. இப்போது அவர்கள் ஏன் ஒரே அறையில் இருக்கிறார்கள்? நீங்கள் ஒப்பந்தம் போட்டதால். அது கதைக்குள் ஒரு காரணமாகாது.

2023-இல் 'ஃப்ரேசியர்' திரும்பி வந்தபோது நடந்தது இதுதான். அப்பாவாக நடித்த ஜான் மஹோனி 2018-இல் காலமாகிவிட்டார், தம்பி நைல்ஸாக நடித்த டேவிட் ஹைட் பியர்ஸ் வர விரும்பவில்லை. கதை பாஸ்டனுக்கு நகர்ந்தது. படிப்பை விட்டுவிட்டுத் தீயணைப்பு வீரரான மகன் ஃப்ரெடியோடு ஃப்ரேசியர் வாழ வருகிறார். முன்பு போலீஸ்கார அப்பாவும் மேட்டிமை மகனும். இப்போது மேட்டிமை அப்பாவும் தீயணைப்பு மகனும். தாளில் எழுதிப் பார்த்தால் அழகான தலைகீழ். ஃப்ரேசியராக நடித்த கெல்சி கிராமரின் நிதானமும் குரலும் கொஞ்சமும் குறையவில்லை, நண்பராக நிக்கோலஸ் லிண்ட்ஹர்ஸ்ட் வரும் காட்சிகளை நான் ரசித்தே பார்த்தேன். ஆனால் வசதியான அப்பா, சொந்தக் காலில் நிற்கும் மகன், இரண்டு பேருக்கும் மற்றவர் தயவு தேவையில்லை. அப்பாவுக்கு மகன் பக்கத்தில் இருக்க ஆசை, அவ்வளவுதான். ஆசை நல்ல விஷயம், ஆனால் அதை வைத்து ஒரு சண்டையைக்கூட முழு எபிசோடுக்கு இழுக்க முடியாது. அந்த டேப் ஒட்டிய நாற்காலிக்கு ஈடாக அங்கே ஒன்றும் இல்லை. இரண்டு சீசனோடு நின்றுபோனது.

நைல்ஸ் இல்லாததுதான் காரணம் என்று நீங்கள் சொல்லலாம். சரி, அப்படியானால் எல்லோரும் வந்த ஒரு தொடரைப் பார்ப்போம். 'அரெஸ்டெட் டெவலப்மென்ட்' ஃபாக்ஸ் சேனலில் 2003 முதல் 2006 வரை ஓடி, பார்வையாளர் போதவில்லை என்று நிறுத்தப்பட்டது. 2013-இல் நெட்ஃப்ளிக்ஸ் அதற்கு உயிர் கொடுத்தபோது படைத்தவர் மிட்செல் ஹர்விட்ஸ் வந்தார், முக்கிய நடிகர்கள் எல்லோரும் வந்தார்கள். ஆனால் ஒரே நேரத்தில் வர முடியவில்லை. அதற்குள் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பெரிய ஆளாகியிருந்தார்கள், தேதி கிடைக்கவில்லை. அதனால் எபிசோடுக்கு ஒருவர் என்று கதையைப் பிரித்து எழுதினார்கள். ஒரே காட்சியில் இருப்பதுபோல் தெரிந்தவர்களில் சிலர் வேறு வேறு நாளில் படமாக்கப்பட்டு ஒட்டப்பட்டவர்கள். அசல் தொடரின் நகைச்சுவையே, சொத்து போன ஒரு குடும்பம் வாங்க வருபவர்களுக்குக் காட்டக் கட்டிய மாதிரி வீடு ஒன்றில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்ததிலிருந்து வந்தது. அந்த வீட்டிலிருந்து ஆளாளுக்குப் பிரித்துவிட்ட பிறகு அதே முகங்கள், அதே குரல்கள், அதே எழுத்துக் கூர்மை இருந்தும் சிரிப்பு வரவில்லை. 2018-இல் அந்த 15 எபிசோடுகளையும் காலவரிசைப்படி வெட்டி ஒட்டி 22 ஆக்கி மறுபடி வெளியிட்டார்கள். படத்தொகுப்பு மேசையில் தீர்க்கக்கூடிய சிக்கலாக அது இருக்கவில்லை.

மறுபக்கம், பழைய நடிகர்களை நம்பாமல் ஜெயித்த தொடர் இருக்கிறது. 'ஒன் டே அட் எ டைம்' 1975-இல் சிபிஎஸ்ஸில் தொடங்கியது, விவாகரத்தான ஒரு தாயும் இரண்டு மகள்களும். 2017-இல் நெட்ஃப்ளிக்ஸில் அதே பெயரில் வந்தபோது க்யூபா வம்சாவளிக் குடும்பம் ஒன்றின் கதையாக மாறியிருந்தது. ராணுவத்திலிருந்து திரும்பி, மனச்சோர்வோடு போராடிக்கொண்டு, நர்ஸ் வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்க்கிற பெனெலோப்பி. அவருடைய அம்மா லிடியாவாக ரீட்டா மொரேனோ. லிடியாவுக்குத் தனி அறை கிடையாது. கூடத்தின் ஓரத்தில் ஒரு திரை, திரைக்குப் பின்னால் கட்டில், அதுதான் அவர் உலகம். காலையில் நாடக மேடையில் நுழைவதுபோல் அந்தத் திரையை விலக்கிக்கொண்டு வருவார். வீட்டில் யார் என்ன ரகசியம் பேசினாலும் திரைக்குப் பின்னால் காது இருக்கும். இடமில்லாத வீடு, வயதான தாய், வேலைக்குப் போயே ஆகவேண்டிய மகள்: கட்டாயம் கண்ணுக்கு முன்னாலேயே தொங்குகிறது. அசலின் தயாரிப்பாளர் நார்மன் லியர் இதற்கும் பின்னால் இருந்தார். அவர் பழைய சோபாவைக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இந்த ஒப்பீட்டை உங்கள் கூட்டங்களில் யாராவது வைக்கிறார்களா என்று தெரியாது. ஆள் திரும்பக் கிடைத்தால் போதும் என்பதுதான் உங்கள் கணக்கு. எல்லா ஆளும் கிடைத்தும் தோற்றது ஒன்று, பழைய குடும்பமே இல்லாமல் நின்றது ஒன்று.

நான் அதிகம் யோசிப்பது 'ரோசான்' தொடரைப் பற்றி, ஏனென்றால் ஒரே ஆண்டில், ஒரே வீட்டில், தப்பும் சரியும் இரண்டும் நடந்தன. 1997-இல் அது முடிந்தபோது நாயகி ரோசானின் கணவர் டான் ஏற்கெனவே மாரடைப்பில் இறந்துவிட்டார், கடைசியில் நாம் பார்த்ததெல்லாம் ரோசான் எழுதிய கதை என்று சொல்லி முடித்தார்கள். 2018 மார்ச்சில் ஏபிசியில் தொடர் திரும்பியபோது டான் உயிரோடு படுத்திருக்கிறார். ரோசான் அவரை எழுப்பி, செத்துவிட்டாய் என்று நினைத்தேன் என்கிறார், அரங்கம் சிரிக்கிறது, ஒரு மரணம் ஒரு வரியில் ரத்தாகிறது. அன்று இரவே 1.8 கோடிக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். உங்கள் எல்லோரையும் இந்த வழிக்கு இழுத்ததில் அந்த எண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

அதே எபிசோடில் இன்னொரு காட்சி. டான் மருந்துக் கடையிலிருந்து வருகிறார். காப்பீடு முன்போல் கொடுப்பதில்லை, பாதி மருந்துக்கு இரண்டு மடங்கு விலை. கணவனும் மனைவியும் இருக்கிற மாத்திரைகளை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். நல்ல நகைச்சுவை, வலிக்கிற நகைச்சுவை. இரண்டு மாதம் கழித்து, மே கடைசியில், ரோசானாக நடித்த ரோசான் பார் போட்ட இனவெறி ட்வீட் காரணமாகத் தொடரே நிறுத்தப்பட்டது. மிச்சமிருந்த நடிகர்களோடு அக்டோபரில் 'தி கானர்ஸ்' என்ற பெயரில் அது திரும்பியது. முதல் எபிசோடில் ரோசான் இறந்து சில வாரங்கள் ஆகியிருக்கின்றன. மாரடைப்பு என்று குடும்பம் நினைக்கிறது, பரிசோதனை முடிவு வலி மாத்திரை அளவுமீறியதால் என்கிறது. மாத்திரை கொடுத்தது யார் என்று டான் கோபத்தோடு தேடிப் போனால், மருத்துவருக்கும் மருந்துக்கும் காசில்லாத அக்கம்பக்கத்தார் தங்களுக்குள் மாத்திரைகளை மாற்றிக்கொண்டது தெரியவருகிறது. வசந்த காலத்தில் சிரிக்க வைத்த அதே பழக்கம்.

திட்டமிட்டு இப்படி எழுதினார்கள் என்று சொல்ல வரவில்லை, விபத்தில் மாட்டிக்கொண்டுதான் எழுதினார்கள். ஆனால் அந்த விபத்து, மறுவருகையில் இல்லாமல் போயிருந்த ஒன்றைத் திருப்பிக் கொடுத்தது. தாய் இல்லாத வீடு, வட்டி கட்ட வேண்டிய தகப்பன், போக்கிடம் இல்லாமல் பிறந்த வீட்டுக்கே திரும்பிய மகள். ஒரு மரணத்தை ரத்து செய்து தொடங்கிய தொடர், இன்னொரு மரணத்தை ஏற்றுக்கொண்ட பிறகுதான் சொந்தக் காலில் நின்றது. 2025 வரை, 7 சீசன்.

முடிவை மாற்றுவதே தப்பு என்கிற கட்சியில் நான் இல்லை. 'வில் அண்ட் கிரேஸ்' 2006-இல் முடிந்தபோது இரண்டு நண்பர்களும் பிரிந்து, பல வருடம் பேசாமல் இருந்து, பிள்ளைகள் வழியாக மறுபடி சந்திப்பதாகக் காட்டினார்கள். 2017-இல் திரும்பியபோது அதெல்லாம் அவர்களின் தோழி கேரன் கண்ட கனவு என்று சொல்லி, பழைய வீட்டில் பழையபடி உட்காரவைத்தார்கள். அந்த நகைச்சுவைக்கு நானும் சிரித்தேன். ஆனால் அதன் பிறகு அந்த வீட்டில் என்ன நடந்தாலும் பெரிதாகப் படவில்லை. இதையும் நாளைக்கு யாராவது கனவு என்றால்?

'ஃப்ரேசியர்' இதே சிக்கலை எப்படித் தீர்த்தது என்று பாருங்கள். ஃப்ரேசியர் முதலில் 'சியர்ஸ்' தொடரில் வந்த பாத்திரம். அங்கே தன் அப்பா ஒரு விஞ்ஞானி, இறந்துவிட்டார் என்று சொல்லியிருந்தார். புதுத் தொடரிலோ அப்பா உயிரோடு, அதுவும் போலீஸ்காரராக. 1995-இல் 'சியர்ஸ்' நாயகன் சாம் விருந்தாளியாக வரும் எபிசோடில் இது அம்பலமாகிறது. அப்போது அப்பாவோடு சண்டை, அதனால் அப்படிச் சொல்லிவிட்டேன் என்கிறார் ஃப்ரேசியர், மார்ட்டினையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே. பழைய முரண்பாட்டை அழிக்காமல், அதை இவர் சொன்ன பொய்யாக்கினார்கள். போலீஸ்கார அப்பாவை மறைக்கிற மகன் எப்படிப்பட்டவன் என்று அந்த ஒரு பொய் சொல்லிவிடுகிறது. கனவுக்கும் பொய்க்கும் உள்ள தூரம்தான் உங்கள் எழுத்தாளர் குழு கடக்க வேண்டியது.

நீங்கள் கணக்கில் எடுக்காத இன்னொன்று, உங்கள் தளத்திலேயே இருக்கிறது. ஒரு காலத்தில் பழைய தொடர் என்றால் மங்கலான ஞாபகம், எப்போதாவது மறு ஒளிபரப்பு. திரும்பி வருபவர்கள் அந்த மங்கலோடு மட்டும் போட்டி போட்டால் போதும். இப்போது பல சமயம் பழைய சீசன்கள் அதே ஆப்பில், பக்கத்துப் படத்திலேயே இருக்கின்றன. புது எபிசோடில் மூன்று நகைச்சுவை தவறினால் விரல் தானாகப் பழையதை அழுத்துகிறது. ஞாபகம் பழையதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது என்ற வாதம் இனி எடுபடாது. பழையது நிஜமாகவே என்ன தரம் என்று நேற்று ராத்திரிதான் பார்த்தோம்.

அந்தப் பழையவற்றுக்கு உங்கள் முன்னோர்கள் கொடுத்த பொறுமையையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1982-இல் 'சியர்ஸ்' முதல் சீசனில் தரவரிசையின் அடிமட்டத்தில் கிடந்தது. 'சைன்ஃபெல்ட்' முதல் சீசன் ஐந்தே எபிசோட், யாருக்கும் பெரிதாக நம்பிக்கையில்லை. சீன உணவகத்தில் மேசைக்காகக் காத்திருப்பதையே முழு எபிசோடாக 1991-இல் எடுத்தபோது கதையே இல்லையே என்று என்பிசி அதிகாரிகள் முகம் சுளித்தார்கள். ஆனாலும் ஒளிபரப்பினார்கள், அந்தத் தொடர் தன் குரலைக் கண்டுபிடித்தது அங்கேதான். இன்று ஒரு மறுவருகைக்குப் பத்து எபிசோட் கொடுக்கிறீர்கள், அதில் முதல் இரண்டு பழைய நினைவுக்குப் போகிறது, கடைசி ஒன்று அடுத்த சீசனுக்குக் கொக்கி போடுவதற்குப் போகிறது. 'மர்ஃபி பிரவுன்' மறுவருகை 2018-இல் 13 எபிசோடோடு கடையைக் கட்டியது. பன்னிரண்டே எபிசோடில் 'ஃபால்டி டவர்ஸ்' சாதிக்கவில்லையா என்று கேட்பீர்கள். சாதித்தது. ஆனால் முதல் ஆறு 1975-இல், அடுத்த ஆறு 1979-இல். ஜான் கிளீஸும் கோனி பூத்தும் எழுதி முடிக்கும்வரை பிபிசி காத்திருந்தது. அந்தத் தொடருக்கும் ஒரு மறுவருகை வரும் என்று 2023-இல் அறிவிப்பு வந்தது. என்னைக் கேட்டால் அது அறிவிப்பாகவே இருக்கட்டும்.

அரங்கில் உட்காரும் பார்வையாளர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அசல் தொடரில் அவர்களுக்கு இந்தப் பாத்திரங்கள் யாரென்றே தெரியாது, ஒவ்வொரு சிரிப்பையும் சம்பாதிக்க வேண்டியிருந்தது. மறுவருகையில் உட்கார்ந்திருப்பது தீவிர ரசிகர்கள். கதவு திறந்தாலே கைதட்டல், நடிகர் அது அடங்கும்வரை நிற்கிறார், காட்சியின் ஓட்டம் போய்விடுகிறது. 'ஃபுல் ஹவுஸ்' தொடரின் மறுவருகையான 'ஃபுல்லர் ஹவுஸ்' முதல் எபிசோடு பாதி நேரம் இந்த வரவேற்பிலேயே போனதுபோல் இருந்தது. அசலில் நடித்த ஓல்சன் சகோதரிகள் நடிக்க வராததைக் கிண்டலடித்து, எல்லோரும் கேமராவையே முறைத்துப் பார்க்கும் காட்சி வேறு. நியாயமாகச் சொன்னால் அந்தத் தொடர் 5 சீசன் ஓடியது, அதைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சந்தோஷமாகப் பார்த்தவர்கள் ஏராளம். அவர்களுக்கு வேண்டியது கிடைத்தது. பழையவர்களை நலம் விசாரிப்பதும் ஒரு தேவைதான், அதை நான் குறைத்துப் பேசவில்லை. விசாரிக்க மட்டும்தான் வருகிறீர்கள் என்றால் ஒரு சிறப்பு நிகழ்ச்சி போதும். 2021-இல் 'ஃப்ரெண்ட்ஸ்' நடிகர்கள் அப்படித்தான் ஒருமுறை கூடிப் பேசிவிட்டுக் கலைந்தார்கள். நண்பர்களே குடும்பமாக இருக்கிற வயதைப் பற்றிய கதை அது, அந்த வயது முடிந்துவிட்டது என்று படைத்தவர்களே மறுவருகைக்குக் கதவை மூடிவிட்டார்கள். அவர்களுக்கு என் வணக்கம்.

என் வாதத்துக்கு அடங்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 'யெஸ், பிரைம் மினிஸ்டர்' 2013-இல் திரும்பியபோது அதே எழுத்தாளர்கள் ஆண்டனி ஜேயும் ஜொனாதன் லின்னும்தான் எழுதினார்கள். பிரதமரும் அதிகாரியும் ஒருவரையொருவர் விட முடியாத அந்தக் கட்டாயமும் அப்படியே இருந்தது. மாதிரி எபிசோடு கேட்ட பிபிசியிடம், ஏற்கெனவே 38 மாதிரி இருக்கிறதே என்று சொல்லிவிட்டு கோல்ட் சேனலுக்குப் போனவர்கள். ஆனாலும் எடுபடவில்லை. அசலில் நடித்த பால் எடிங்டனும் நைஜல் ஹாதோர்னும் இல்லாத குறையைத் தாண்டி அங்கே என்னால் ஒன்றையும் பார்க்க முடியவில்லை. சில பாத்திரங்கள் ஆளோடு போய்விடுகின்றன போலும்.

ஆனால் 'கேவின் அண்ட் ஸ்டேசி' எனக்கு மறுபடி தெம்பு கொடுக்கிறது. 2010-இல் முடித்துவிட்டு அதை எழுதிய ரூத் ஜோன்ஸும் ஜேம்ஸ் கார்டனும் ஒன்பது வருடம் சும்மா இருந்தார்கள். 2019 கிறிஸ்துமஸுக்கு ஒரே ஒரு எபிசோட். அதன் கடைசி நொடியில் நெஸ்ஸா மண்டியிட்டு ஸ்மித்தியிடம் தன்னைக் கட்டிக்கொள்ளச் சொல்கிறாள், பதில் வருமுன் முடிந்துவிடுகிறது. பணம் கொட்டும் அந்த இடத்தில் அடுத்த மாதமே ஒரு சீசன் அறிவிக்க யாருக்கும் கை அரித்திருக்கும். அவர்கள் ஐந்து வருடம் காத்திருந்து, 2024 கிறிஸ்துமஸுக்கு இறுதி எபிசோடோடு வந்தார்கள். அன்றைக்கே 1.2 கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் ஸ்மித்தி வேறொரு பெண்ணைக் கட்டிக்கொள்ளும் நிலைக்கு வந்திருந்தான். போன காலமே புதுச் சிக்கலாகியிருந்தது. நடிகர்களின் தேதியைப் பார்த்துத் தொடங்கியிருந்தால் இது நடந்திருக்காது.

ஆகவே அடுத்த முறை யாராவது ஒரு பழைய பெயரோடு உங்கள் அறைக்குள் வந்தால் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: இந்த ஆட்கள் இப்போது ஏன் ஒருவரையொருவர் விட்டுப் போக முடியாது? ரசிகர்கள் ஆசைப்படுகிறார்கள் என்று பதில் வந்தால் ஒரு மாலை நேரச் சந்திப்பு நிகழ்ச்சிக்குப் பணம் ஒதுக்குங்கள், மிச்சத்தைப் பெயர் தெரியாத நாலு எழுத்தாளர்களின் புதுத் தொடருக்குக் கொடுங்கள். உண்மையான பதில் வந்தால் முதல் சீசனுக்கு 20 எபிசோடாவது கொடுங்கள், முதல் மாதப் பார்வை எண்ணிக்கையை வைத்து அறுத்துவிடாதீர்கள். கைதட்டும் பார்வையாளர்களிடம், கதவு திறக்கும்போது தயவுசெய்து அமைதியாக இருங்கள் என்றும் யாராவது சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
முதல் எபிசோடை இனியும் வந்த அன்றே பார்க்கப்போகும் ஒரு ரசிகன்